வெள்ளை உறையும் ரப்பர் முத்திரையும்: 1969 ஓக்லண்ட் பூட்லெக் தட்டை எடைபோடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘லைவ்ர் தேன் யூ’ல் எவர் பி’ என்ற பூட்லெக் எல்பி இசைத்தட்டு வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் விற்பனைக்கு இருக்கிறது. வெள்ளை உறை, அதன் மேல் ரப்பர் முத்திரை. "1969 முதல் பதிப்பு, கிடைப்பதற்கு மிக அரிது" என்கிறார். முன்பக்கம், பின்பக்கம், ஒரு லேபிள் என்று மூன்று படம் போட்டிருக்கிறார். இது ஒரிஜினல்தானா, சொன்ன விலைக்கு வாங்கலாமா, இதே போல மற்ற நேரடிக் கச்சேரித் தட்டுகளையும் சேர்க்கத் தொடங்கலாமா? இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. எந்தக் கம்பெனியும் வெளியிடாத ஒரு தட்டில் "ஒரிஜினல்" என்று எதைச் சொல்வது? முதலில் அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது. என் பதில்: அந்த மூன்று படங்களை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய இடம் தட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அவர் படம் எடுக்கவில்லை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பூட்லெக் என்றதும் நம் ஊரில் திருட்டு விசிடிதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றில்லை. வெளிவந்த பதிவை அப்படியே நகலெடுத்து விற்பது திருட்டு விசிடி வகை. உறையையும் கம்பெனி முத்திரையையும் சேர்த்துப் போலி செய்வது அதற்கும் ஒருபடி மேலே போகும் கள்ளச்சரக்கு. பூட்லெக் என்பது கம்பெனி வெளியிடவே வெளியிடாத ஒலியை வெளியே கொண்டுவருவது: அரங்கத்தில் ஒருவர் மறைத்துவைத்துப் பதிந்த கச்சேரி, வானொலி ஒலிபரப்பு, ஸ்டுடியோவிலிருந்து கசிந்த ஒத்திகை. பெயரே காலணிக்குள் சாராயக் குப்பியைச் செருகிக்கொண்டு போன வழக்கத்திலிருந்து வந்தது. ஆகவே பூட்லெக்குக்கும் ஒரு முதல் பதிப்பு உண்டு; அந்தப் பூட்லெக்கையே காப்பியடித்த பத்துப் பதினைந்து பதிப்புகளும் உண்டு. சேகரிப்பவர்களின் தலைவலியெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தத் தட்டைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1969 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் பாப் டிலனின் வெளிவராத பாடல்களைக் கொண்ட ‘கிரேட் ஒயிட் ஒண்டர்’ வந்தது. ராக் இசையில் பூட்லெக் வியாபாரம் என்று ஒன்று அதிலிருந்துதான் ஆரம்பம். அடுத்து பீட்டில்ஸின் ‘கம் பேக்’. அந்த ஆண்டு டிசம்பரில் மூன்றாவதாக வந்தது நீங்கள் பார்த்திருக்கும் தட்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒத்திகையும் ஸ்டுடியோ மிச்சமும்தான். முழுத் தட்டும் ஒரே மேடைக் கச்சேரி என்ற வகையில் முன்னோடி இதுவே. கச்சேரி நடந்தது 1969 நவம்பர் 9, கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் கொலிசியம் அரங்கம். அன்று இரண்டு காட்சிகள். தட்டில் இருப்பது இரண்டாவது. குழுவின் பழைய கிதார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் அந்த ஜூலையில் இறந்துவிட்டார், அவர் இடத்தில் மிக் டெய்லர் புதிதாகச் சேர்ந்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டோன்ஸ் அமெரிக்காவில் நடத்திய சுற்றுப்பயணத்தின் முதல் வாரம் அது. பதிந்தவர், பூட்லெக் உலகில் ‘டப்’ என்று அறியப்பட்டவர். சென்ஹைசர் நிறுவனத்தின் நீளக் குழாய் மைக்கையும், ஊஹர் 4000 என்ற தோளில் மாட்டும் ஸ்பூல் டேப் ரெக்கார்டரையும் அரங்கத்துக்குள் கொண்டுபோனார். துப்பாக்கிக் குழல் மாதிரி இருக்கும் அந்த மைக், நேரே எதிரில் இருப்பதை அள்ளிக்கொண்டு பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடும். கூட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பதிவு இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். தெளிவைக் கேட்டுவிட்டு, மேடைக் கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்ததாக்கும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படியில்லை.

இதற்கு ஏன் அப்படி ஒரு பசி இருந்தது என்பதும் விலையைப் புரிந்துகொள்ள உதவும். அதற்குமுன் ஸ்டோன்ஸுக்கு அமெரிக்காவில் வெளிவந்த நேரடிக் கச்சேரி எல்பி 1966-ல் வந்த ‘காட் லைவ் இஃப் யூ வாண்ட் இட்’. அதில் இரண்டு பாட்டு ஸ்டுடியோவில் பாடியவை; மேலே ரசிகைகளின் கூச்சலை ஒட்டவைத்து மேடைப் பாட்டாக ஆக்கியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த "நேரடி"யில் போலி, கள்ளத்தட்டில் அசல் என்ற நிலை. 1970 பிப்ரவரியில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விமர்சகர் கிரைல் மார்கஸ் இதற்கு விமர்சனமே எழுதிப் பாராட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் ‘கெட் யெர் யா-யாஸ் அவுட்’ என்ற அதிகாரப்பூர்வ நேரடித் தட்டு வந்தது. பூட்லெக்குக்குப் பயந்துதான் கம்பெனி அதை வெளியிட்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இதை நான் பாதிதான் ஏற்பேன். அந்தத் தட்டுக்கான பதிவுகள் நவம்பர் 26 முதல் 28 வரை பால்டிமோரிலும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் தொழில்முறைக் கருவிகளோடு எடுக்கப்பட்டவை. பூட்லெக் கடைக்கு வந்தது டிசம்பரில். ஆகவே நேரடித் தட்டுக்கான எண்ணம் முன்பே இருந்திருக்கிறது. பூட்லெக் அதை முடுக்கிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது "மிக அரிது" என்ற சொல்லுக்கு வருவோம். இந்தப் பெயரில் உள்ள தட்டு அரிதே அல்ல. பத்திரிகையில் விமர்சனம் வந்து, கடை கடையாக விற்ற சரக்கு. சூடாக விற்றதால் அடுத்த சில மாதங்களிலேயே மற்ற பூட்லெக்காரர்கள் அதைக் காப்பியடித்தார்கள். எழுபதுகள் முழுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு உறையில் வந்துகொண்டே இருந்தது. அரிதாக இருக்கக்கூடியது முதல் லாக்கரிலிருந்து (டேப்பிலிருந்து முதன்முதலில் வெட்டிய மூலத் தட்டு) அச்சான, நல்ல நிலையில் உள்ள பிரதி மட்டுமே. மொத்தம் எத்தனை அச்சடித்தார்கள் என்று யாராவது துல்லியமாக எண் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். திருட்டுத்தனமாக அச்சடித்தவன் கணக்கு நோட்டு வைத்திருக்கவில்லை. "300 பிரதி மட்டும்", "1000 பிரதி மட்டும்" என்பதெல்லாம் விற்பவர் வாயிலிருந்து விற்பவர் வாய்க்குப் போன எண்கள்.

பார்க்க வேண்டிய இடம் எது என்று தொடக்கத்திலேயே கோடி காட்டினேன். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு ஊசி உள்நோக்கி வழுக்கிக்கொண்டு போகும் வழவழப்பான வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, லேபிளுக்கு வெளியே? டெட் வாக்ஸ் என்பார்கள். அதில்தான் மேட்ரிக்ஸ் எண் இருக்கும். அது ஏன் நம்பகமானது என்பது தட்டு தயாரிக்கும் விதத்தில் இருக்கிறது. முதலில் டேப்பிலிருந்து லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். வெட்டியவர் அதன் ஓரத்தில் கூர்முனையால் கையால் எண்ணைக் கீறுவார். அந்த லாக்கரின் மேல் நிக்கல் ஏற்றி எடுத்தால் மேடு பள்ளம் தலைகீழான ஃபாதர், அதிலிருந்து மதர், அதிலிருந்து ஸ்டாம்ப்பர். ஸ்டாம்ப்பரை அச்சு இயந்திரத்தில் பூட்டி வினைலை அழுத்துவார்கள். லாக்கரில் கீறிய கையெழுத்து, அதே வளைவு, அதே நடுக்கத்தோடு ஒவ்வொரு தட்டிலும் வந்து விழும். உறையை யாரும் மாற்றலாம், லேபிளை யாரும் அச்சடிக்கலாம். டெட் வாக்ஸில் உள்ள கையெழுத்தை மாற்ற வேண்டுமென்றால் புதிதாக லாக்கர் வெட்ட வேண்டும்.

ஆகவே இரண்டு பிரதிகளின் டெட் வாக்ஸ் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்தால் போதாது; 4 என்ற எழுத்தின் மேல்பக்கம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, 7-க்குக் குறுக்குக் கோடு உண்டா, எழுத்துகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு, கடைசி எழுத்து பள்ளத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கையெழுத்து முழுக்க ஒத்துப்போனால் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். எண் ஒன்று, கையெழுத்து வேறு என்றால் பின்னாளில் யாரோ மறுபடி வெட்டியது. பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண் இருந்தால், உலோகத் தகடு கைமாறி வேறொருவர் அச்சடித்தது. எழுத்து பள்ளமாக இல்லாமல் புடைத்துக்கொண்டு நின்றால், அது லாக்கரில் எழுதியதல்ல. ஃபாதரிலோ ஸ்டாம்ப்பரிலோ நேரடியாகக் கீறியது. அங்கே கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக எழுத வேண்டியிருக்கும் என்பதால் அப்படி எழுதிய எண்கள் பெரும்பாலும் கோணல்மாணலாக இருக்கும். இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரே கையெழுத்து என்பது ஒரே லாக்கர் என்பதைத்தான் காட்டும், ஒரே ஆண்டு என்பதைக் காட்டாது. 1969-ல் செய்த தகடு 1973-லும் அச்சு இயந்திரத்தில் ஏறியிருக்கலாம். அதைப் பிரிக்க லேபிள் பகுதியில் உள்ள வட்ட அழுத்தத் தடத்தின் விட்டத்தை அளந்து பார்க்கலாம். அச்சு இயந்திரம் மாறினால் அந்தத் தடமும் பெரும்பாலும் மாறும். அப்போதும் கிடைப்பது நல்ல ஊகம்தான், தீர்ப்பு அல்ல.

படம் எடுக்கும் முறையையும் விற்பவருக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கறுப்பாகப் பளபளக்கும் ஒரு படத்தை அனுப்பிவிட்டு "எதுவும் எழுதவில்லை" என்பார். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக, பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடித்து, கேமராவை நேரே மேலே வைத்து எடுக்க வேண்டும். தட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் கீறல்கள் வெள்ளிக் கம்பி போல ஒவ்வொன்றாக எழுந்து வரும். இரண்டு பக்கத்துக்கும் வேண்டும்.

இரண்டாவது சோதனைக்குக் காது போதும். பின்னாளில் காப்பியடித்தவர்களிடம் மூல டேப் கிடையாது. முதல் தட்டையே ஓடவிட்டு அதிலிருந்து பதிந்தார்கள். அதனால் அந்தத் தட்டின் பொரிப்பும் டப் டப் என்ற சத்தமும் புதுத் தட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. ஒரு இடத்தில் ‘டப்’ என்று கேட்டால் ஊசியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தட்டில் கீறலே இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சத்தம் வருகிறது என்றால் அந்தக் கீறல் வேறொரு தட்டுடையது. இன்னொரு அடையாளம் தொடக்கத்தில் இருக்கும்: ஊசி இறங்கியதும் உங்கள் தட்டின் மேற்பரப்பு இரைச்சல் கேட்கும், ஓரிரு விநாடி கழித்து அதன் மேல் இன்னொரு இரைச்சல் மெல்ல ஏறி, அதன் பிறகு கூட்டத்தின் சத்தம் வரும். இரட்டை இரைச்சல் கேட்டால் அது நகலின் நகல். விற்பவரிடம் முதல் பக்கத்தின் முதல் 30 விநாடியைப் பதிந்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இரைச்சல் நீக்கும் மென்பொருள் எதையும் போடாமல்.

உறைக்கு இவ்வளவு மதிப்பில்லை என்று சொல்கிறேனே, ஏன்? எந்த வெள்ளை உறையையும் வாங்கி, முத்திரைக்காரரிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்திவிட்டால் வேலை முடிந்தது. அன்றும் அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அசலே வீட்டுத் தயாரிப்பு என்னும்போது போலியைக் கண்டுபிடிப்பது கடினம். அந்தத் தோற்றம் எவ்வளவு பிரபலமானது என்றால், தி ஹூ குழு 1970 மே மாதம் ‘லைவ் அட் லீட்ஸ்’ என்ற தங்கள் அதிகாரப்பூர்வத் தட்டையே பழுப்பு அட்டையில் முத்திரை குத்தியதுபோல் வெளியிட்டார்கள். உள்ளே லேபிளில் பொரிப்புச் சத்தம் பரவாயில்லை, சரிசெய்ய வேண்டாம் என்று ஒரு குறிப்பு வேறு. கம்பெனியே கள்ளத்தட்டு வேஷம் போட்டது!

இருந்தாலும் 10 மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று இருந்தால் சிலதைக் கழித்துக்கட்டலாம். அசலான ரப்பர் முத்திரையில் மை காகித நாருக்குள் ஊறியிருக்கும். எழுத்தின் விளிம்பில் மை கொஞ்சம் தடித்து, நடுவில் வெளிறி நிற்கும். ஒரு பக்கம் அழுத்தம் கூடி மறுபக்கம் குறைந்திருக்கும். லென்ஸில் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். மை ஊறாமல் தூளாக மேலே ஒட்டிக்கொண்டு பளபளத்தால் லேசர் பிரிண்டர் அல்லது ஜெராக்ஸ். இங்க்ஜெட்டும் லேசர் பிரிண்டரும் 1969-க்குப் பொருந்தாதவை; ஜெராக்ஸ் அப்போதே இருந்தது, ஆனால் அது ரப்பர் முத்திரை அல்ல. புற ஊதா விளக்கைப் பற்றி இணையத்தில் நிறையப் பேர் சொல்வார்கள்: காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் புதியது என்று. இந்தத் தட்டு விஷயத்தில் அது உதவாது. காகிதத்துக்கு ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1969 உறையும் ஒளிரலாம். பார்கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம், பின்னாளில் வந்தது. "180 கிராம் வினைல்" என்று விளம்பரம் இருந்தாலும் அப்படியே, அது இன்றைய வியாபாரச் சொல். எச்சில் தொட்டு முத்திரை மை கரைகிறதா என்று பார்க்கும் மேதைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டுப் போன பிரதிகளில் ஒரு எழுத்து மட்டும் எப்போதும் மங்கியிருக்கும்.

தட்டு கைக்கு வந்த பிறகு கேட்டால் என்ன எதிர்பார்க்கலாம்? முதலில் சுருதி. அரங்கத்தில் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர்கள் கொஞ்சம் மெதுவாக ஓடினால், பின்னால் சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிக் கேட்கும். டேப்பிலிருந்து டேப்புக்கு மாற்றும்போது இந்தப் பிழை இன்னும் கூடலாம். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ‘ஹாங்கி டாங்க் விமன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் கிதாரை ஓபன் ஜி முறையில் ஐந்து தந்தியோடு மீட்டுவார். ஆதாரச் சுரம் ஜி, நம் கணக்கில் 5 கட்டை. செல்போனில் சுருதிப்பெட்டி ஆப்பை 5 கட்டையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் போடுங்கள். தட்டு 5½ கட்டையில் நின்றால் கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம் கூடியிருக்கிறது. பிட்ச் கட்டுப்பாடு உள்ள டர்ன்டேபிளில் 5.6 சதவீதம் இறக்கினால் சரியாகிவிடும். கால் கட்டைக்குக் குறைவான வித்தியாசத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். அன்று மேடையில் குழுவே எந்தச் சுருதியில் தந்தி கூட்டியது என்பதற்குச் சாட்சி இல்லை. வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிட இந்தச் சோதனை நல்லது: ஒன்று 5 கட்டை, இன்னொன்று 5½ கட்டை என்றால் இரண்டும் ஒரே லாக்கரிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது வெட்டுகள். ஊஹர் 4000-ல் 5 அங்குல ஸ்பூல்தான் ஏறும். 900 அடி டேப்பை விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஓட்டினால் 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் கச்சேரியில் ஸ்பூலைத் திருப்பியோ மாற்றியோ ஆக வேண்டும். எல்பியின் ஒரு பக்கத்திலும் 22, 23 நிமிடத்துக்கு மேல் திணித்தால் ஒலியளவு குறையும், பாஸ் மெலியும். ஆகவே பாட்டுகளின் வரிசை கச்சேரியில் இருந்தபடி இருக்காது, சில பாட்டுகள் இருக்கவே இருக்காது, கைத்தட்டல் பாதியில் அறுபடும். இதை ஒரு குறையாக நினைத்துத் தட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

நடுத்துளை விலகியிருந்தால்தான் வருத்தப்பட வேண்டும். பூட்லெக்குகளை அச்சுக்கூடத்தில் அவசர அவசரமாக அடித்தார்கள். துளை மையத்தில் விழாமல் போவது சகஜம். துளை 1 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் வேகம் 1 சதவீதம் கூடியும் குறைந்தும் ஆடும். உள்ளே 60 மில்லிமீட்டருக்கு வரும்போது 1.7 சதவீதம். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்தக் கால அளவில் நீண்ட சுரங்கள் ஊஞ்சலாடும். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் இடமும் வலமும் அசைவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாங்குமுன் ஒரு சிறு வீடியோ கேட்பதற்கு இதுவும் காரணம். துளையைக் கத்தியால் பெரிதாக்கிச் சரிசெய்தவர்கள் உண்டு. சேகரிப்பு மதிப்பு அத்தோடு போய்விடும்.

சுத்தம் செய்ய 750 மில்லி வாலை வடிநீர், 250 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நனைப்பான் (நீர் சொட்டாக நிற்காமல் பரவ உதவும் திரவம்) இரண்டு மூன்று துளி. வினைலுக்கு இது தீங்கு செய்யாது. 78 வேகப் பழைய அரக்குத் தட்டுக்கு மட்டும் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். பூட்லெக்கில் கூடுதல் ஆபத்து வேறு இடத்தில்: வெற்று லேபிளில் முதல் சொந்தக்காரர் பேனாவால் எழுதியதும், உறையில் உள்ள முத்திரையும் ஆல்கஹால் பட்டதும் ஓடிவிடும். உறையை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தட்டைக் கழுவுங்கள். உறைக்கு மேல் போடுவதற்குப் பாலிஎதிலீன் கவர் வாங்குங்கள். மெத்தென்று இருக்கும் பிவிசி கவரிலிருந்து காலப்போக்கில் கசியும் வேதிப்பொருள் தட்டின் மேல் துடைத்தாலும் போகாத மங்கலை உண்டாக்கும். உள்ளே தாள் செருகல் இருந்தால் அதைத் தனிக் கவரில் வைக்கவும். எழுபதுகளின் பூட்லெக்குகளில் முதலில் தொலைவது அந்தத் தாள்தான், அது இல்லாவிட்டால் விலை கணிசமாக இறங்கும்.

மற்ற தட்டுகளையும் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் ஒரு குழு, ஒரு காலகட்டம் என்று வேலி போட்டுக்கொள்ளுங்கள். அதே டப்பும் அவருடைய கூட்டாளி கென் என்பவரும் சேர்ந்து நடத்திய டிரேட் மார்க் ஆஃப் குவாலிட்டி என்ற லேபிளிலிருந்து தொடங்குவது நல்லது. டிஎம்ஓக்யூ என்று சுருக்குவார்கள். தரமான அச்சு, சில சமயம் வண்ண வினைல், உறையில் ஒரு பன்றிப் படம். 71 என்று தொடங்கும் எண் ஒற்றைத் தட்டு, 72 என்றால் இரட்டை. பின்னால் பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது பன்றியும் இரண்டானது: பண்ணைப் பன்றி ஒருவருக்கு, புகைபிடிக்கும் பன்றி மற்றவருக்கு. எழுபதுகளில் ஓவியர் வில்லியம் ஸ்டௌட் அவர்களுக்கு வரைந்த அட்டைகளை ஓவியத்துக்காகவே தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே கச்சேரிக்கு இரண்டு பதிவு இருப்பதும் சுவையான வேட்டை. லெட் செப்பலின் குழு 1970 செப்டம்பர் 4 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் நடத்திய கச்சேரியை இரண்டு பூட்லெக் லேபிள்கள் வெவ்வேறு டேப்பிலிருந்து இரட்டை எல்பியாகப் போட்டன. அரங்கத்தின் இரண்டு இடங்களில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்பதுபோல இருக்கும்.

விலை விஷயத்தில் நான் எண் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். பார்க்க வேண்டியது கேட்கும் விலையை அல்ல, கைமாறிய விலையை. இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் பூட்லெக்குகளின் விவரப் பக்கம் இருக்கும், ஆனால் விற்பனைக்குத் தடை. மேட்ரிக்ஸ் எண்ணை ஒப்பிட அந்தப் பக்கம் அருமையான இடம், விலைக்கு உதவாது. பழைய ஏல முடிவுகளைத் தொகுக்கும் பாப்சைக் போன்ற தளத்தில், ஒரே மேட்ரிக்ஸ் கொண்ட பிரதிகளை மட்டும் எடுத்து நான்கைந்து விலைகளைப் பாருங்கள். ஒலிக்காக மட்டும் வேண்டுமென்றால் பின்னாளையப் பதிப்பு ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கிக் கேட்டுவிடலாம். பொருளுக்காக வேண்டுமென்றால்தான் முதல் லாக்கருக்கு விலை கொடுக்க வேண்டும். எது வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்காதவரை விற்பவர் தீர்மானிப்பார்.

சட்டம் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. 1969-ல் இந்தத் தட்டுகள் தைரியமாகக் கடையில் நின்றதற்கு அது ஒரு காரணம். அதனால் எல்லாம் சட்டப்படி சரியாக இருந்தது என்றில்லை. பாட்டை எழுதியவரின் உரிமை அப்போதும் இருந்தது, மாநிலச் சட்டங்களும் இருந்தன. 1994-க்குப் பிறகு அனுமதியில்லாத கச்சேரிப் பதிவை விற்பதும் விநியோகிப்பதும் அங்கே தனிக் குற்றம். பெரிய ஏலத் தளங்களும் இவற்றை அனுமதிப்பதில்லை. விவரத்தில் "பூட்லெக்" என்ற சொல்லே இல்லாமல் "தனிப்பதிப்பு", "நேரடி, அரிது" என்று போடுவது அதனால்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒரே ஒரு பிரதியை இறக்குமதி செய்வதற்கு விலக்கு தருகிறது. அதற்கு மேல் போனால், அதாவது பத்துப் பிரதி வாங்கி விற்கும் எண்ணம் இருந்தால், வழக்கறிஞரைக் கேளுங்கள்; தட்டு ஆசாமியிடம் கேட்காதீர்கள்.

ஆகவே இப்போது அந்த விற்பனையாளருக்கு எழுதுங்கள். இரண்டு பக்க டெட் வாக்ஸ் படம், சாய்ந்த வெளிச்சத்தில். முத்திரையை நெருக்கமாக ஒரு படம். முதல் 30 விநாடி ஒலி, வடிகட்டாமல். தட்டு சுழலும்போது டோன்ஆர்ம் தெரியும்படி ஒரு வீடியோ. அனுப்பும்போது தட்டை உறைக்குள் வைக்காமல், உள்தாளோடு வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் பயணக் குலுக்கலில் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துவிடும். சித்திரை, வைகாசியில் அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெயிலில் நிற்கும் கூரியர் வேனுக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கினால் வினைல் நெளிய ஆரம்பித்துவிடும். டெட் வாக்ஸ் படம் கேட்டதும் அவர் கோபப்பட்டாலோ, "இன்னொருவர் வாங்கத் தயாராக இருக்கிறார்" என்றாலோ, அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும். படம் வந்தால் இங்கே போடுங்கள், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.